1 ஸ்டோரி பாயிண்ட் என்றால் 8 மணி நேரமா?

"ஒரு பாயிண்டுக்கு 8 மணி நேரம் என்று எங்கள் மேனேஜர் கணக்கு வைத்திருக்கிறார். இது சரியா? எஸ்டிமேட் எப்படித்தான் போடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. ஸ்டோரி என்பது சாஃப்ட்வேர் டீம் செய்ய வேண்டிய ஒரு சிறு வேலை, அது மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரியது என்று போடும் எண்தான் பாயிண்ட். ஆனால் மேனேஜரிடம் போய் இந்தக் கணக்கு சரியில்லை என்று சொல்லிப் பயனில்லை. டீமில் இத்தனை பேர், ஆளுக்கு இத்தனை மணி, ஆக ஒரு ஸ்பிரின்ட்டுக்கு (சில வார வேலைச் சுற்று) இத்தனை பாயிண்ட் என்று பெருக்கி அவர் ஏற்கெனவே மேலே அனுப்பியிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், பாயிண்ட் வந்ததே இந்த நாள் கணக்கு, மணிக் கணக்கிலிருந்து தப்பிக்கத்தான். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற சாஃப்ட்வேர் வேலைமுறை தொடங்கிய காலத்தில், யாரும் குறுக்கே வராமல் விட்டால் இந்த வேலை எத்தனை நாளில் முடியும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். நிஜத்தில் ஏறக்குறைய அதைப் போல் மூன்று மடங்கு ஆனது. மூன்று நாள் வேலைக்கு எதற்கு ஒன்பது நாள் என்று மேலிடம் குழம்ப, நாள் என்ற பேச்சையே விட்டுவிட்டுப் பாயிண்ட் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே இருந்த ரான் ஜெஃப்ரிஸ் இதை எழுதியிருக்கிறார். ஸ்டோரி பாயிண்டைத் தான் கண்டுபிடித்திருக்கலாம், அப்படியானால் அதற்கு வருந்துவதாகவும் 2019இல் சொன்னார். ஸ்பிரின்ட் முறைக்கு அடிப்படையான ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பில் தேடிப் பாருங்கள், ஸ்டோரி பாயிண்ட் என்ற பேச்சே கிடையாது.

நான் டெஸ்டர். டெவலப்பர்களைக் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று கமெண்டில் கிளம்பாதீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆயுள் காப்பீட்டு கம்பெனி ஒன்றின் போர்ட்டலில் வேலை. பாலிசிக்கு ஒரே ஒரு நாமினி என்று இருந்ததை, பல நாமினிகளைச் சேர்க்கும்படி மாற்ற வேண்டும். பிளானிங் போக்கரில், அதாவது ஆளுக்கொரு எண் கார்டு காட்டி வேலையின் அளவைச் சொல்லும் கூட்டத்தில், டெவலப்பர்கள் எல்லோரும் 3 காட்டினார்கள். நான் 13. சின்னச் சிரிப்பு ஓடியது. "அக்கா, ஸ்கிரீன்ல ஒரு 'ஆட்' பட்டன்தானே?" என்றான் ஒரு பையன்.

பட்டன்தான். அதற்குப் பின்னால் ஒவ்வொரு நாமினிக்கும் சதவீதம் போட வேண்டும், கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்தால் 33.33தான், மீதி 0.01 யாருக்கு? நாமினி மைனராக இருந்தால் பணத்தை வாங்கிக்கொள்ள ஒரு அப்பாயின்ட்டி வேண்டும், இரண்டு மைனர் என்றால் இரண்டு பேருக்கும் அந்த விவரம் வேண்டும். பாலிசி டாக்குமென்ட் பிடிஎஃபில் நாமினி கட்டம் ஒற்றை வரி. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் ராத்திரி கிளெய்ம் சிஸ்டத்துக்குப் போகும் ஃபைலில் நாமினிக்கு ஒரே ஒரு கட்டம். அந்த சிஸ்டம் வேறு வெண்டரின் கையில்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் டீம் லீட், "சரி, நடுவுல 8 போட்டுக்கலாம்" என்றார்.

எனக்கு இன்னும் ஆறாதது இந்த 'நடுவுல'தான். ஜேம்ஸ் கிரென்னிங் 2002இல் பிளானிங் போக்கரை எழுதி வைத்தபோது, எல்லோரும் ஒரே நேரத்தில் கார்டைத் திருப்ப வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் எண்ணைப் பார்த்து இன்னொருவர் போடக்கூடாது. எண்கள் விலகி நின்றால் மிகக் குறைவாகப் போட்டவரும் மிக அதிகமாகப் போட்டவரும் பேச வேண்டும். 3க்கும் 13க்கும் நடுவே அந்த ராத்திரி ஃபைல் இருந்தது. சராசரி போட்டதும் அது கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

வெண்டர் பதில் சொல்லவே ஒரு ஸ்பிரின்ட் போனது. ஸ்டோரி அடுத்த ஸ்பிரின்ட்டுக்குத் தள்ளிப்போக, ஸ்பிரின்ட்டுக்கு எத்தனை பாயிண்ட் முடித்தோம் என்று காட்டும் வெலாசிட்டி சார்ட் சரிந்தது. "பக்கத்து டீம் 60 பண்றாங்களே" என்றார் மேனேஜர். விளைவு, அடுத்த பிளானிங்கில் லேபிள் எழுத்தை மாற்றும் வேலைக்கு 5 விழுந்தது. சார்ட் ஏறியது, ரிவியூவில் கைத்தட்டல். கிளையன்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த வேலை பழைய அளவுதான். உங்கள் எட்டு மணி நேரக் கணக்கும் இங்கேதான் கொண்டுபோய் விடும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த ரிலீஸ் வெள்ளிக்கிழமை ராத்திரி. முக்கியமானவை ஓடுகிறதா என்று மேலோட்டமாகப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் முடியும் வரை இரண்டு டெஸ்டர்கள் உட்கார்ந்திருந்தோம், கேன்டீன் மூடியாயிற்று, வெண்டிங் மெஷின் பிஸ்கட்தான் சாப்பாடு. திங்கட்கிழமை வந்த நன்றி மெயிலில் 'டெவலப்மென்ட் டீமுக்கு' என்று மட்டும் இருந்தது. நாங்கள் சிசியில். எஸ்டிமேட்டிலும் அதே கதைதான். டெவலப்மென்ட்டுக்குப் போட்டது போக மிச்சம் இருக்கும் நாளுக்குப் பெயர் டெஸ்டிங்.

சரி, உங்கள் விஷயம். எஸ்டிமேட்டே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். விலையை முன்கூட்டியே பேசி முடித்த ஃபிக்ஸட் பிரைஸ் கான்ட்ராக்டில் இருக்கிற நமக்கு அந்த வசதி இல்லை. டீம் முழுக்கத் தெரிந்த, முடிந்துபோன ஒரு ஸ்டோரியை அளவாக வைத்து, புது வேலை அதைவிடப் பெரிதா சிறிதா என்று மட்டும் கேளுங்கள். கார்டு விலகினால் அதிகம் போட்டவரை முதலில் பேச விடுங்கள். 13ஐத் தாண்டினால் எண்ணைப் பற்றிச் சண்டை போடாமல் ஸ்டோரியை உடையுங்கள். மேனேஜர் தேதி கேட்பார். கடைசி நாலைந்து ஸ்பிரின்ட்டில் முடித்ததில் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் எடுத்து, மீதி வேலையை இரண்டாலும் வகுத்து இரண்டு தேதியாகக் கொடுங்கள். ஒரே தேதிதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், தள்ளி வருகிற தேதியை மெயிலில் எழுதிக் கொடுங்கள், வாய்மொழியாக வேண்டாம்.