ரொட்டியில் கை வைக்காதீர்கள்!

கேள்வி: இத்தாலிய உணவகம் ஒன்றில் விருந்துக்கு நண்பர் அழைத்திருக்கிறார். ஒன்றன் பின் ஒன்றாக ஐந்தாறு தட்டு வருமாம். பீட்சா, பாஸ்தாவைத் தாண்டி அந்தச் சமையலில் எனக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்கு அப்படி ஓர் உணவகத்தின் மேல் தனிப் பிரியம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அங்கே மறக்க முடியாத சாப்பாடு எது? நான் எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

பதில்: ரொட்டியில். உட்கார்ந்த கையோடு ஒரு கூடை நிறைய வைத்துவிட்டுப் போவார்கள். முதல் தடவை போனபோது பசி வேகத்தில் நான் கூடையைக் காலி செய்துவிட்டேன். இறைச்சித் தட்டு வந்த நேரத்தில் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, அடுத்தவர் சாப்பிடுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று.

மறக்க முடியாதது எங்கள் 25ஆவது திருமண நாள் சாப்பாடு. நான், மனைவி, அவள் அக்கா, என் சகலை, நான்கு பேர். எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். எழுந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது.

முதலில் ஆன்டிபாஸ்டோ. 'பாஸ்தாவுக்கு முன்னால்' என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 'பாஸ்டோ' என்றால் சாப்பாடு, ஆக இது சாப்பாட்டுக்கு முன்னால் வருவது. எங்களுக்கு வந்தது ப்ரூஸ்கெட்டா: நெருப்பில் வாட்டிய ரொட்டித் துண்டு, சூட்டோடு சூடாக அதன்மேல் தேய்த்த பூண்டு, நறுக்கிய தக்காளி, ஆலிவ் எண்ணெய். 'ப்ரூஷெட்டா' என்று சொன்னால் யாரும் அடிக்க மாட்டார்கள், ஆனால் அந்த இடத்தில் இத்தாலியர்கள் சொல்வது 'க'தான். ஆளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

அடுத்து ப்ரீமோ, அதாவது பாஸ்தா அல்லது ரிசொட்டோ என்ற குழைவான சோறு. சகலை 'ஸ்பகெட்டி போலோனீஸ்' கேட்டார். பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே, "டாலியாடெல்லே தரட்டுமா?" என்றார். பொலோனியா ஊரில் அந்த இறைச்சிக் குழம்பை, ரகூ என்பார்கள், முட்டை சேர்த்துப் பிசைந்த பட்டை நாடாவோடுதான் சாப்பிடுவது வழக்கம். அந்த நாடாவின் அகலத்தில் அவர்கள் எவ்வளவு கறார் தெரியுமா? வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972இல் ஊர் வர்த்தக சபையில் பதிந்தே வைத்துவிட்டார்கள். தங்கத்தில் ஒரு மாதிரி கூட அங்கே உண்டு. அந்த ஊர் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று கணக்கு வேறு. இதைக் கேட்டதும் சகலை சட்டைப் பையில் ஸ்கேல் தேடினார். ரகூவைச் சாப்பிட்டதும் பேச்சை நிறுத்தினார்.

மனைவிக்குக் குங்குமப்பூ போட்ட மிலான் ரிசொட்டோ. தட்டை வைப்பதற்கு முன் அதை லேசாகச் சாய்த்துக் காட்டினார்கள். மஞ்சள் சோறு மெதுவாக ஒரு பக்கம் வழிந்து, மறுபடி திரும்பி வந்தது. 'ஆல்லோந்தா', அலை மாதிரி, என்று அந்தப் பதத்துக்குப் பெயர். கட்டியாக நின்றாலும் தப்பு, தண்ணீராக ஓடினாலும் தப்பு. அவள் பாதிதான் சாப்பிட்டாள், மீதி எனக்கு. 25 வருட ஒப்பந்தம் அது.

அப்புறம் இருபது நிமிடம் ஒன்றுமே வரவில்லை. சகலை இரண்டு முறை மணி பார்த்தார். நானும் முன்பெல்லாம் இந்த இடைவெளியில் எரிச்சல்பட்டவன்தான். இப்போது எனக்கு இதுதான் சாப்பாட்டின் நல்ல பகுதி. வயிறு கொஞ்சம் இறங்குகிறது, பேச்சு ஏறுகிறது. எங்கள் கல்யாணத்தன்று பூமாலை வரத் தாமதமான கதையை அக்கா சொல்ல ஆரம்பித்தார். அது முடிவதற்குள் செகொண்டோ, அதாவது இறைச்சி அல்லது மீன் தட்டு, வந்துவிட்டது.

அதில் நான் கேட்டிருந்தது ஓஸோபூக்கோ. இளங்கன்றின் கால் எலும்பைக் குறுக்கே வெட்டி, சதையோடு மணிக்கணக்கில் வேகவைப்பது. ஓட்டை எலும்பு என்றுதான் பெயருக்கே அர்த்தம். மேலே எலுமிச்சைத் தோல், பூண்டு, பார்ஸ்லி மூன்றையும் பொடியாக அரிந்து தூவியிருந்தார்கள். அந்தத் தூவல் இல்லாவிட்டால் இரண்டு வாயிலேயே திகட்டிவிடும். கூட ஒரு சின்னக் கரண்டி வந்தது, ஓட்டைக்குள் இருக்கும் மஜ்ஜையைச் சுரண்ட. நான் சுரண்டிய சத்தத்துக்குப் பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் வைத்த கீரையை மரியாதைக்குத் தொட்டதோடு சரி.

இனிப்புக்கு முன்னால்தான் அந்த இரவின் விசேஷம். திருமண நாள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, உரிமையாளரே உடைத்த பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டித் துண்டுகளோடு வந்தார். அந்த மாதிரி ஒரு முழு வட்டு 40 கிலோ வரும், அதற்குப் பால் 500 லிட்டருக்கு மேல் போகும், குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். அதைச் சொல்ல அவர் வரவில்லை. இன்னொரு கையில் குண்டு அடிப்பாகம் கொண்ட ஒரு குட்டிப் பாட்டில், 100 மில்லி பிடிக்கும். மோதேனா ஊரின் பாரம்பரிய பால்சாமிக் வினிகர், அதிலும் 'எக்ஸ்ட்ராவெக்கியோ', மிகப் பழையது. காய்ச்சிய திராட்சைச் சாற்றை வருடாவருடம் ஒரு பீப்பாயிலிருந்து அதைவிடச் சிறிய பீப்பாய்க்கு மாற்றிக்கொண்டே போவார்கள். ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி என்று மரமும் மாறும். இந்த வகைக்குக் குறைந்தது 25 வருடம்.

"உங்களுக்கும் இதற்கும் ஒரே வயது" என்றார். பாலாடைக்கட்டித் துண்டு ஒவ்வொன்றின் மேலும் எண்ணி மூன்று சொட்டு. கறுப்பாக, தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. புளிப்பு என்று சொல்ல வந்தால் இனிப்பு முந்திக்கொள்கிறது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அவளைப் பார்த்து நானும் மூடிக்கொண்டதால் கடைசித் துண்டு சகலைக்குப் போயிற்று.

டிரமிசு என்ற இனிப்பும் எஸ்பிரெசோ காபியும் வந்தன. நன்றாக இருந்தன. அந்த மூன்று சொட்டுக்குப் பிறகு எது வந்தாலும் அவ்வளவுதான்.

கேள்வி: எல்லாக் கட்டத்திலும் ஏதாவது ஒன்று கேட்டே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இத்தாலியர்களே தினமும் அப்படிச் சாப்பிடுவதில்லை. ஆன்டிபாஸ்டோவும் ஒரு பாஸ்தாவும் போதும், அல்லது பாஸ்தாவும் இறைச்சியும். இரண்டு பேர் ஒரு ப்ரீமோவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பல இடங்களில் சமையலறையிலேயே பிரித்துக் கொண்டுவருவார்கள்.

கேள்வி: நான் வீட்டில் செய்யும் பாஸ்தாவில் குழம்பு தனியாக, பாஸ்தா தனியாக நிற்கிறது. உணவகத்தில் மட்டும் எப்படி ஒட்டிக்கொள்கிறது?

பதில்: நானும் இதே கேள்வியோடு ஒருநாள் அவர்கள் சமையலறை வாசலில் போய் நின்றேன். பாஸ்தாவை முழுக்க வேக விடாமல் ஒன்றிரண்டு நிமிடம் முன்னதாகவே எடுத்து, குழம்பு இருக்கும் வாணலியில் போடுகிறார்கள். வெந்த தண்ணீர் ஒரு கரண்டி சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீரில் பாஸ்தாவின் மாவுச்சத்து இருக்கிறது. வாணலியைக் குலுக்கக் குலுக்க, எண்ணெயும் தண்ணீரும் அந்த மாவால் ஒன்றுசேர்ந்து பாலேடு மாதிரி பாஸ்தாவைப் பூசிக்கொள்கின்றன. நீங்கள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயில் கழுவவும் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கழுவாதீர்கள். வேகும்போது எண்ணெய் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு, இது அவர்கள் வாய்ப்பாடு.

கேள்வி: தட்டில் மிஞ்சும் குழம்பை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டால் அநாகரிகமா?

பதில்: அதற்கு இத்தாலிய மொழியில் செல்லப் பெயரே உண்டு: ஸ்கார்பெட்டா, சின்னச் செருப்பு. மிகவும் சம்பிரதாயமான விருந்தில் தவிர்த்துவிடுங்கள். வேண்டியவர்களோடு என்றால் தாராளமாக. ரொட்டியில் கை வைக்காதீர்கள் என்று சொன்னது இதற்கும்தான், ஒரு துண்டை இந்த வேலைக்கு ஒதுக்கிவையுங்கள். அன்று ரகூ தட்டை நானும் சகலையும் வழித்த வழிப்பில், எடுக்க வந்தவர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதைக் கழுவாமலே அடுக்கிவிடலாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.