உழைப்பைப் போற்றியவர்கள் ஓய்வை ஏன் கேட்டார்கள்?

'உழைப்பாளிகளுக்காகப் பேசும் சோஷலிஸ்டுகளே உழைப்பைக் குறைசொல்வது முரண் அல்லவா?' என்று கேட்டிருக்கிறீர்கள். மடியின்மைக்குத் திருக்குறளில் தனி அதிகாரமே வைத்திருக்கும் நமக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். ஆனால் அவர்கள் சாடியது உழைப்பை அன்று. பிறர் லாபத்துக்காகப் பொழுதெல்லாம் தேய்வதையே தொழிலாளி தன் பெருமையாக எண்ணிக்கொள்ளும் பழக்கத்தை.

மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க் 1880இல் 'சோம்பியிருக்கும் உரிமை'யை எழுதியபோது, 1848இல் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் வேலை உரிமை கேட்டதைத்தான் கேலி செய்தார். கைதேர்ந்த பெண் நிமிடத்துக்கு 5 கண்ணிகள் பின்னுகிறாள், வட்டப் பின்னல் இயந்திரமோ 30,000 பின்னுகிறது. அப்படியானால் இயந்திரம் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு 100 மணி நேர ஓய்வைத் தந்திருக்க வேண்டுமே என்பது அவர் வாதம். ஓய்வு கிடைக்கவில்லை; சிலருக்கு மிகைவேலையும் மற்றவர்களுக்கு வேலையின்மையுமே கிடைத்தன. நாளுக்கு 3 மணி நேர வேலை போதும் என்ற அவர் கணக்கு எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. 1932இல் ஆங்கிலத் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சொன்னது 4 மணி நேரம்.

மும்பையில் வளர்ந்த எனக்கு இது ஏட்டு விவகாரம் அன்று. இங்கே ஆலைத் தொழிலாளர்களின் ஞாயிறு விடுமுறை தானாக வந்ததில்லை. நாராயண் மேகாஜி லோகண்டே முன்நின்று போராடி 1890இல் பெற்றுத் தந்தது. அந்த ஞாயிறுகளில்தான் நெசவுப் பிரிவில் வேலை செய்த என் அப்பா, நாங்கள் இருந்த சால் என்ற தொழிலாளர் அடுக்குக் குடியிருப்பின் நடைபாதையில் பழைய செய்தித்தாளை விரித்து ஆர்மோனியத்தைப் பிரித்துப் போடுவார். பஞ்சுத் தூசி படிந்த துருத்தியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மாலையில் தாராவி பஜனைக்குத் தூக்கிக்கொண்டு போவார். யாரும் கூலி தராத அந்த வேலையில் அவர் காட்டிய கவனத்தைச் சோம்பல் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

1982 ஜனவரியில் தொடங்கிய மும்பை ஆலை வேலைநிறுத்தத்தில் சுமார் 2.5 லட்சம் பேரோடு அவரும் வெளியே வந்தார். கை நிறைய நேரம் இருந்த அந்த மாதங்களில் அவர் ஆர்மோனியத்தைத் தொடவே இல்லை. அரிசிக்கு வழியில்லாமல் கிடைக்கும் பொழுதை லஃபார்க்கும் ஓய்வு என்று சொல்லவில்லை. ஆலை மீண்டும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் ஒரு கட்டடத்தில் 12 மணி நேர வாட்ச்மேன் வேலை கிடைத்தது. வார விடுமுறை கிடையாது. அம்மா ஆர்மோனியத்துக்குப் பழைய சேலையில் உறை தைத்துப் பரண்மேல் ஏற்றிவைத்தார்.