வாசகர் கேள்வி பதில்: கம்பியை அறுத்த கேப்டன்

கேள்வி: ஐஸ்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் மீனுக்காக நடந்த சண்டையில ஒரு கோஸ்ட் கார்டு கேப்டன் துப்பாக்கி இல்லாமலே வலையை இழுத்துக்கிட்டே மீன் பிடிக்கிற ட்ராலர் கப்பல்களை விரட்டினார்னு படிச்சேன், உண்மையா சார்?

பதில்: உண்மைதாங்க, ஆனா பாதிதான். அவர் பேரு குத்முண்டுர் கியர்னஸ்டெட், பிறந்தது 1923. ஐஸ்லாந்துக்கு ராணுவமே கிடையாது, இருந்தது சின்ன கோஸ்ட் கார்டு மட்டும்தான். காட் மீன்தான் அந்த நாட்டுக்கே சோறு, அதனால 1972 செப்டம்பர் 1ஆம் தேதி மீன்பிடி எல்லையை 12 கடல் மைல்ல இருந்து 50 மைலா ஆக்குனாங்க, பிரிட்டிஷ் ட்ராலருங்க ஒத்துக்கல.

நாலே நாள்ல, செப்டம்பர் 5, இவரோட ஐகிர்ங்கிற கோஸ்ட் கார்டு கப்பல், பேரும் நம்பரும் தெரியாத ஒரு ட்ராலரைப் பாத்து யாருன்னு கேட்டிருக்கு, பதில் சொல்லாம ரேடியோவுல பிரிட்டிஷ் தேசபக்திப் பாட்டைப் போட்டு விட்டிருக்காங்க. உடனே இவரு வெட்டுக் கருவியைக் கடல்ல இறக்கினாரு, கிணத்துல விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டி மாதிரி, ஆனா பிளேடு வச்சது. கப்பலுக்குப் பின்னாடி 160 பாகம், அதாவது கிட்டத்தட்ட 290 மீட்டர் தூரத்துல அது இழுபட்டு வர, ட்ராலருக்குப் பின்னாடி குறுக்கப் போனா மடியை, அதாவது வலையை, இழுக்கிற இரும்புக் கம்பி அதுல மாட்டி அறுந்துடும். அன்னைக்கு ஒரு கம்பி அறுந்துச்சு, கடுப்பான ட்ராலர்காரங்க நிலக்கரி, குப்பை, ஒரு கோடாலின்னு கையில கிடைச்சதை எல்லாம் ஐகிர் மேல வீசியிருக்காங்க! மடியும் மீனும் போச்சுன்னா அந்தப் பயணமே நஷ்டம், ஆனா ஆளுக்கு அடி இல்ல, அதனாலதான் எனக்கு இந்த முறை மேல அவ்வளவு மரியாதை.

ஆனா துப்பாக்கியே எடுக்கலன்னு சொல்லிட முடியாது, 1973 மே 26ல ஐகிர் எவர்ட்டன்ங்கிற ட்ராலரைச் சுட்டு ஓட்டை போட்டுச்சு, நல்லவேளை அது மூழ்கல.

1975ல எல்லை 200 மைல் ஆச்சு. 1976 மே 6ஆம் தேதி இவரு டீர் கப்பல்ல ஒரு ட்ராலரோட கம்பியை அறுக்கப் போகும்போது ஃபால்மத்ங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து இடிச்சுது, டீர் கிட்டத்தட்ட கவுந்தே போச்சு, நிமிந்ததும் இவரு திரும்பிப் போயிடுவாருன்னு நினைச்சா அந்தக் கம்பியை அறுத்துட்டாரு, அவங்க மறுபடியும் இடிச்சாங்க. டீர்ல ஒரே ஒரு ப்ரொப்பெல்லர்தான் ஓடுது, அப்பதான் பீரங்கிக்கு ஆளை நிறுத்தச் சொன்னாரு. அந்த நிலைமையில ஒரு குண்டு வெடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே நெஞ்சு அடைக்குது. அடுத்த மாசமே ஒப்பந்தம், 200 மைல் எல்லை நிலைச்சுடுச்சு. 2005ல காலமானாரு.

கேள்வி: அப்ப யாரும் சாகலையா?

பதில்: ஒருத்தர் செத்தாருங்க. 1973 ஆகஸ்ட்ல ஐகிர் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலோட மோதின பிறகு, சேதமான இடத்துல வெல்டிங் வச்சுக்கிட்டிருந்த ஐஸ்லாந்து இன்ஜினியர், கடல் தண்ணி உள்ள புகுந்து ஷாக் அடிச்சு.