துருவே: அதிர்ஷ்டமா, அரசியலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

1791 ஜூனில் பதினாறாம் லூயி பாரிஸிலிருந்து மாறுவேடத்தில் தப்பியோடி வழியில் பிடிபட்டதைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அவரை அடையாளம் கண்ட ழான்-பாப்டிஸ்ட் துருவேயை அதில் அரசியல்வாதி என்று குறிப்பிடுகிறீர்கள். பணத்தாளில் இருந்த அரசரின் படத்தால் ஒரே இரவில் புகழ்பெற்று, அரசரின் மரண தண்டனைக்கு வாக்களித்து, பின்னர் நெப்போலியனிடமே பதவி வாங்கிக்கொண்ட சந்தர்ப்பவாதி என்பதற்கு மேல் அவரிடம் என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பணத்தாள் கதையைச் சொன்னவர் துருவேதான். அரசியைப் பார்த்த முகமாகத் தோன்றியது என்றும், உடன் இருந்தவரின் முகம் ஐம்பது லிவர் தாளில் உள்ள உருவத்தை ஒத்திருந்தது என்றும் அவர் தேசிய சபையின் முன் சொன்னார். ஆனால் அரசரை அடையாளம் காண்பது வேறு, அவருடைய வண்டியை மறிப்பது வேறு. துருவேயின் தொழிலையும் அன்றைய ஊராட்சி முறையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டாவது எப்படி நடந்தது என்பது விளங்கும்.

சாந்த்-மெனூ என்ற சிற்றூரில், பயண வண்டிகளுக்குக் குதிரை மாற்றித் தரும் அஞ்சல் நிலையத்தை அவர் நடத்திவந்தார். அரசரின் வண்டிக்கும் அங்கேதான் குதிரை மாற்றப்பட்டது. சந்தேகம் எழுந்தபோதும் துருவே உடனே தடுக்கவில்லை. வண்டி போன பிறகு, நகராட்சியின் ஒப்புதலோடு கியோம் என்ற நண்பருடன் குதிரையேறித் துரத்தினார். க்ளெர்மோன் வரை வண்டியை ஓட்டிச்சென்று திரும்பிக்கொண்டிருந்த அவருடைய ஆட்கள், வண்டி வெர்தன் சாலையை விட்டு வரென் பக்கம் திரும்பிவிட்டதை வழியில் தெரிவித்தார்கள். வரெனில் அஞ்சல் நிலையம் கிடையாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. அங்கே ரகசியமாக நிறுத்திவைத்திருந்த மாற்றுக் குதிரைகள் ஆற்றுக்கு அக்கரையில் நிற்க, அரச குடும்பம் இக்கரையில் இருட்டில் வீடு வீடாகத் தட்டித் தேடிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் துருவேயும் உள்ளூர்க்காரர்கள் சிலரும் மரச்சாமான் ஏற்றிய வண்டி ஒன்றைக் குறுக்கே நிறுத்திப் பாலத்தை அடைத்துவிட்டார்கள்.

ஆனால் அன்றிரவு சட்ட அதிகாரம் இருந்தது துருவேயிடம் அல்ல. சோஸ் என்ற மளிகைக் கடைக்காரரிடம். 1789 டிசம்பர் சட்டத்தின்படி பிரான்சின் ஒவ்வொரு ஊரும் தன் நிர்வாகிகளைத் தானே தேர்ந்தெடுத்தது. வரெனில் அப்படிப் பொறுப்புக்கு வந்தவர் சோஸ். அரச குடும்பம் காட்டிய, கோர்ஃப் சீமாட்டி என்ற பெயரிலிருந்த கடவுச்சீட்டில் குறை ஏதும் தெரியாததால் அவர் வண்டியை விட்டுவிடவே இருந்தார்; விடுவது தேசத்துரோகம் என்று துருவே பிடிவாதம் பிடித்த பிறகுதான் மனம் மாறினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே இருவரும் அரசரின் வண்டியைக் கண்டு தொப்பியைக் கழற்றியிருப்பார்கள். எனவே இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

1792இல் மார்ன் மாவட்டம் துருவேயை, அரசரை விசாரித்துத் தண்டித்த கன்வென்ஷன் பேரவைக்கு அனுப்பியது. மறு ஆண்டு மொபோஜ் அருகே ஆஸ்திரியப் படையிடம் சிக்கி, ஸ்பீல்பெர்க் கோட்டையில் அடைபட்டார். துணியால் தானே செய்த பாராசூட்டோடு சன்னலிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். 1795 இறுதியில் அவரையும் வேறு சிலரையும் மீட்க பிரான்ஸ் கைமாற்றாகக் கொடுத்தது லூயியின் மகள் மரி-தெரேஸை. வரெனில் மறிக்கப்பட்ட வண்டியில் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக அமர்ந்திருந்த அதே பெண்ணை. இப்படி ஒரு கணக்கை நாவலாசிரியன் எழுதினால் நாமே நம்பமாட்டோம். திரும்பியவர் அடங்கியிருக்கவில்லை, செல்வச் சமத்துவம் கோரி அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்ட பபேஃபின் சதி வழக்கில் 1796இல் கைதாகிச் சிறையிலிருந்து தப்பினார்.

நெப்போலியன் காலத்தில் அவர் ஏற்ற பதவி, சொந்த ஊரான சாந்த்-மெனூவின் துணை ஆட்சியர் பதவி. சந்தர்ப்பவாதியாக இருந்திருந்தால் 1815இல் நெப்போலியன் மீண்டபோது வீட்டில் இருந்திருப்பார். அவரோ நூறு நாள் ஆட்சியின் சபையில் உறுப்பினரானார். அரசரின் மரணத்துக்கு வாக்களித்தவர்களில் அந்த ஆட்சியோடு சேர்ந்தவர்களை, மீண்டும் வந்த முடியாட்சியின் 1816 சட்டம் நாடுகடத்தியது. அவர் ரகசியமாகத் திரும்பி, மாக்கோனில் பொய்ப் பெயரில் வாழ்ந்து, 1824இல் இறந்தார்.

அவர்மீது குற்றம் சாட்ட விரும்பினால் துணை ஆட்சியர் பதவியை விட்டுவிட்டு, 1793 செப்டம்பரில் அவர் பேசியதை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களின் நலனுக்காகக் கொள்ளையராகத்தான் வேண்டுமென்றால் கொள்ளையராவோம் என்று பேரவையிலேயே முழங்கினார். அந்தப் பேச்சுக்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை.