பிசாக் சந்தையில் வாங்கிய சால்வை அசல் அல்பாகாவா?

பெரு நாட்டில் குஸ்கோ பக்கம் பிசாக் சந்தையில் 'பேபி அல்பாகா, கைத்தறி' (அதாவது ஒட்டக இனத்து அல்பாகா விலங்கின் மிக மெல்லிய ரோமம்) என்று சொல்லி விற்ற சால்வை, தொட்டால் வழுவழுவென்று இருக்கிறது, அக்ரிலிக் என்ற செயற்கை இழையோ என்று சந்தேகமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

குஞ்சத்திலிருந்து ஒரு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் விலங்கு ரோமம். உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் செயற்கை இழை. ஆனால் ஆட்டுக் கம்பளியும் அப்படித்தான் எரியும், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம் ஓரங்களைப் பாருங்கள். ஆண்டிஸ் மலைப்பகுதியின் மரபு நெசவாளர்கள் தறியிலேயே நான்கு பக்கமும் கரை முடித்துவிடுவார்கள், கத்தரி படாது. பெருவின் பழைய பாராகாஸ் பண்பாட்டுக் காலத்திலிருந்து, 2000 ஆண்டுகளாக வரும் முறை அது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க அலுப்பதில்லை. அங்கே பெண்கள் தோளில் போடும் 'யிக்யா' என்ற சால்வையில் இரண்டு துண்டுகளை நடுவில் தைத்து இணைத்திருப்பார்கள். பின்பக்கம் அதே உருவம் நிறம் மாறித் தெரிந்தால் பெரும்பாலும் மரபு நெசவுதான்.

குஞ்சம் வைத்த மெல்லிய சால்வை என்றால் அநேகமாக ஆலையில் நெய்தது. அதில் தவறில்லை, அசல் அல்பாகாவாகவே இருக்கலாம். ஆனால் கைத்தறி விலை கொடுத்திருக்க வேண்டியதில்லை.

எதுவானாலும் குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் விரித்துக் காயவையுங்கள்.