கார் ஷெட்டிலிருந்து போர்ட்டிகோவுக்கு: இரண்டடி ஏற்றத்தை எப்படிக் கடப்பது?

கேள்வி: மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். தெருவை ஒட்டி இருந்த மாட்டுக் கொட்டகையைக் கார் ஷெட்டாக மாற்றியிருக்கிறோம். அதன் பின்வாசலுக்கு வெளியே 10 அடி திறந்தவெளி. அதை அடுத்துப் புது வீட்டின் போர்ட்டிகோ. போர்ட்டிகோவின் தரை ஷெட்டின் தரையைவிட 2 அடி உயரம். தெருவும் தார்மேல் தாராகப் போட்டு ஷெட்டைவிட அரை அடி உயர்ந்துவிட்டதால், ஐப்பசி மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. அந்த நாட்களில் காரைப் போர்ட்டிகோவில் ஏற்றி வைக்க வேண்டும். சிறிய ஹேட்ச்பேக் கார்தான். 10 அடிக்கும் ஒரே சரிவாகச் சாய்தளம் போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். பக்கத்து வீட்டுக்காரர் செங்கல் அடுக்கிப் பலகை போட்டு ஏற்றுகிறார். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். கொத்தனார் சொல்வது 5-க்கு 1 சரிவு, அதாவது 5 அடி போனால் 1 அடி ஏற்றம். உங்கள் கார் அதில் ஏறிவிடும்; முதல் கியரில் எந்தச் சிறிய காரும் ஏறும். தொல்லை சரிவின் இரண்டு முனைகளில் இருக்கிறது. சமதரை சரிவாக மாறும் இடத்தையும், சரிவு மறுபடி சமதரையாகும் இடத்தையும் மடிப்பு என்று வைத்துக்கொள்வோம். கீழ் மடிப்பில் பம்பர் உரசும். மேல் மடிப்பில் வயிறு தட்டும்.

நம் பக்கத்துக் கொத்தனார்கள் மடிப்பைப் பொருட்படுத்தாததற்குக் காரணம் உண்டு. தலைமுறை தலைமுறையாக அவர்கள் சரிவு போட்டுக் கொடுத்தது மாட்டுவண்டிக்கு. மாட்டுவண்டிக்கு ஒரே அச்சு. ஆற்றங்கரையின் முகட்டில் ஏறினாலும் அதற்குத் தட்டுவதற்கு வயிறு கிடையாது. அடுத்து வந்தது டிராக்டர். அதன் வயிறு தரையிலிருந்து வெகு உயரத்தில் இருக்கிறது. காருக்கு இரண்டு அச்சு, தாழ்ந்த வயிறு. முன்சக்கரம் போர்ட்டிகோவில் ஏறி, பின்சக்கரம் இன்னும் சரிவில் இருக்கும்போது, மடிப்பின் முனை காரின் நடுப்பகுதிக்குக் கீழே புடைத்து நிற்கும்.

எவ்வளவு புடைக்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். முன் பின் சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தைச் சரிவின் எண்ணால் வகுத்து, வந்த விடையை மறுபடி 4-ஆல் வகுக்க வேண்டும். உங்கள் காரைப் போன்றவற்றில் அந்தத் தூரம் சுமார் 8 அடி, அதாவது 96 அங்குலம். 96-ஐ 5-ஆல் வகுத்தால் 19.2, அதில் கால் பங்கு 4.8 அங்குலம். காரின் வயிற்றுக்கும் தரைக்கும் 6.5 அங்குலம் இடைவெளி என்று கையேட்டில் போட்டிருக்கும். அது பெரும்பாலும் காலிக் காருக்கான அளவு. நான்கு பேர் உட்கார்ந்து, டிக்கியில் ஒரு மூட்டை அரிசியும் இருந்தால் அது ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை குறையும். மிஞ்சுவது நான்கரை முதல் ஐந்து. புடைப்போ 4.8. வண்டியைத் தனியாக ஓட்டிப் பார்க்கும்போது தட்டாது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்த் திரும்பும் அன்று சைலன்சரிலோ எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியிலோ தட்டும்.

கீழ் மடிப்பும் அப்படித்தான். முன்சக்கர மையத்திலிருந்து பம்பர் நுனி சுமார் இரண்டரை அடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரம் சரிவின் அடியைத் தொடும்போது பம்பருக்கு நேர்கீழே தரை 6 அங்குலம் உயர்ந்திருக்கும். பம்பரின் கீழ் விளிம்பு 7 அல்லது 8 அங்குலம். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் முகம் தாழ்ந்து உரசிவிடும்.

ஆகவே மடிப்பை இரண்டாக உடைக்க வேண்டும். சரிவின் தொடக்கத்திலும் முடிவிலும் 4 அடி நீளத்துக்குப் பாதிச் சரிவு. நடுவில் மட்டும் முழுச் சரிவு. இதற்கு 10 அடி போதாது, உண்மைதான். ஆனால் உங்கள் கடிதத்திலேயே வழி இருக்கிறது. ஷெட்டின் தரை தெருவைவிட அரை அடி பள்ளம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எப்படியும் உயர்த்தத்தான் வேண்டும். 6 அங்குலம் உயர்த்தினால் ஏறவேண்டிய உயரம் 18 அங்குலமாகக் குறைகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அது உங்கள் தெருவில் நடக்கிறதா என்று ஊராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்காது என்று தோன்றினால் இன்னும் 2 அங்குலம் சேர்த்தே உயர்த்துங்கள். தெருவிலிருந்து நுழையும் பக்கம் அந்த உயரம் ஒரு பொருட்டே அல்ல.

அடுத்து, சரிவை ஷெட்டுக்கு உள்ளே 3 அடி தள்ளித் தொடங்குங்கள். மொத்த நீளம் 13 அடி ஆகிவிடும். முதல் 4 அடி 12-க்கு 1, நடுவில் 5 அடி 6-க்கு 1, கடைசி 4 அடி மறுபடி 12-க்கு 1. ஏற்றம் முறையே 4, 10, 4 அங்குலம், கூட்டினால் 18. மேல் மடிப்பில் புடைப்பு 4.8 அங்குலத்திலிருந்து சுமார் 2 அங்குலமாக இறங்கிவிடும். கீழே பம்பருக்கு அடியில் 6 அங்குலத்துக்குப் பதில் இரண்டரை.

ஒன்றை மட்டும் முதலில் அளந்துவிடுங்கள்: ஷெட்டின் பின்வாசல் நிலை. அந்த இடத்தில் புதுத் தரை பழையதைவிட 9 அங்குலம் உயர்ந்திருக்கும். கார் 5 அடி உயரம் என்றால், பழைய தரையிலிருந்து நிலைக்கு ஆறரை அடியாவது வேண்டும். பழைய கொட்டகைகளில் இது பல நேரம் இருக்காது.

ஷெட்டுக்குள் இடமே இல்லை என்றாலும் வழி அடைபடவில்லை. முழு அகலத்துக்கும் தளம் போடாமல், சக்கரம் ஓடும் தடத்தில் மட்டும் இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டைகள் போட்டு, நடுப்பகுதியை 3 அங்குலம் தாழ்த்திவிடலாம். எண்ணெய்த் தொட்டியும் சைலன்சர் குழாயும் பெரும்பாலும் அந்தப் பள்ளத்துக்கு மேலேதான் வரும்; தட்டாது. ஆனால் முதியவர்கள் நடக்கும் வழி அதுதான் என்றால் எனக்கு இதில் விருப்பமில்லை, கால் இடறும்.

இனி மண். சாய்தளத்தின் ஆயுள் நம் ஊரில் சிமென்ட்டைவிட அடியில் உள்ள களிமண்ணைப் பொறுத்தது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. அந்த மாதங்களில் வாய்க்கால் நீரும் அடைமழையும் சேர்ந்து டெல்டாவின் களிமண் ஊறி உப்பி நிற்கும். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நேராகக் கான்கிரீட் ஊற்றினால் அதுவும் சேர்ந்து ஏறி இறங்கும். திருவாரூர் பக்கம் நான் மேற்பார்வை பார்த்த ஒரு வீட்டில், வீட்டுச் சுவரோடு கம்பி சேர்த்துக் கட்டிய சாய்தளம் இரண்டாவது மழைக்கே இறங்கி, சுவரில் நீளமாக விரிசல் விட்டது. அதற்குப் பிறகு சாய்தளத்தை வீட்டோடு சேர்த்துக் கட்ட நான் அனுமதிப்பதே இல்லை. நடுவில் அரை அங்குலம் இடைவெளி விட்டுத் தெர்மாகோல் வைத்து, மேலே தார்ப்பூச்சு கொடுத்தால் போதும். இரண்டும் தனித்தனியாக அசையட்டும்.

மேல் களிமண்ணை ஓரடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் கொட்டுங்கள். அரையடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் உள்ளே பொல்லென்றுதான் இருக்கும். இரு பக்கமும் 9 அங்குலச் செங்கல் சுவர். அது தளத்தைவிட 4 அங்குலம் உயர்ந்து நின்றால் சக்கரம் விலகி விழாது.

கான்கிரீட் போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நேரான மரச்சட்டம் ஒன்றில், உங்கள் காரின் சக்கர இடைவெளிக்குச் சரியாக இரண்டு கால்கள் அடியுங்கள். ஆட்களை ஏற்றிய பிறகு காரின் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அதுவே காலின் உயரம். இடித்த மண்ணின்மேல் அந்தச் சட்டத்தைக் கீழிருந்து மேல்வரை நகர்த்திப் பாருங்கள். நடுச்சட்டம் எங்காவது மண்ணைத் தொட்டால் அங்கே கார் தட்டும். மண்ணைச் சீவுவது அரை மணி நேர வேலை. கான்கிரீட்டை உடைப்பது அப்படியல்ல. உயரங்களை டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துப் பாருங்கள், கண்மட்டம் வேண்டாம்.

தளம் 5 அங்குலக் கனம், எம்20 கலவை (சிமென்ட் 1 பங்கு, மணல் ஒன்றரை, ஜல்லி 3), 8 மில்லி கம்பி 8 அங்குல இடைவெளியில். மேற்பரப்பில் டைல்ஸ் ஒட்டாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். ஈரம் காயும் முன் குறுக்காக விளக்குமாற்றால் கீறிவிட்டாலே டயருக்குப் பிடிப்பு கிடைக்கும். 14 நாள் சாக்கு போட்டு நனைத்து, 28 நாள் கழித்துக் காரை ஏற்றுங்கள்.

திறந்தவெளிச் சரிவில் விழும் மழை நேராக ஷெட்டுக்குள் ஓடும். அதனால் பின்வாசல் கோட்டிலேயே குறுக்கே 6 அங்குலக் கால்வாய் வெட்டி, கனமான இரும்புக் கிராதி போட வேண்டும். முன்சக்கரம் ஒன்றின்மேல் சுமார் 300 கிலோ இறங்கும். அந்தத் தண்ணீரை உறைகிணறுபோல் குழி தோண்டி அதில் விடச் சொல்வார்கள். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் ஊரில் அந்தக் குழி தானாகவே நிரம்பியிருக்கும். தெருச் சாக்கடைக்கோ கொல்லைப்புற வாய்க்காலுக்கோ வாட்டம் கிடைக்கிறதா என்று முன்பே பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த 10 அடிக்கும் தகரக் கூரை போட்டு, கூரைத் தண்ணீரைத் தெருப்பக்கம் திருப்புவதே மேல்.

வேலையை மாசியில் தொடங்குங்கள். அறுவடை முடிந்திருக்கும், ஆள் கிடைக்கும், மண்ணும் இடிக்கத் தக்க பதத்தில் இருக்கும்.

அதுவரை பலகை வைத்து ஏற்றாதீர்கள். இத்தகைய கார்களில் இழுப்பது முன்சக்கரம். அது பலகையின்மேல் ஏறும்போதே அதைப் பின்னோக்கித் தள்ளும். பலகை நழுவினாலோ செங்கல் நொறுங்கினாலோ கார் சாய்வது பக்கத்தில் நின்று கை காட்டும் ஆளின்மேல்தான். இந்த ஆண்டு மழை முந்திக்கொண்டால், காரைத் தெருவில் மேடான இடத்தில் நிறுத்துங்கள்.