பண்டைய ரோமானிய வீடுகளின் கூரையில் ஏன் திறப்பு விட்டார்கள்?

ஏட்ரியம் என்பது ரோமானியப் பணக்கார வீட்டின் முன்கூடம். அதன் கூரை நடுவே ஒரு திறப்பு, நேர் கீழே ஆழமில்லாத தொட்டி. முற்றம் வைத்த நம் பழைய வீடுகளில் மழை உள்ளே விழுமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான்.

தெரு இரைச்சலுக்கும் திருட்டுக்கும் பயந்து வெளிச்சுவரில் சின்ன ஜன்னல்களே வைத்தார்கள், கண்ணாடியும் அபூர்வம். அதனால் வெளிச்சம், காற்று எல்லாம் மேலிருந்துதான். மழைநீர் அந்த ஆழமில்லாத தொட்டியில் விழுந்து, தரைக்கடியில் இருக்கும் இன்னொரு தொட்டியில் சேரும். வாளி விட்டு இறைத்துக்கொள்வார்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி என்ற ரோமானிய நகரில், அந்தத் தரையடித் தொட்டி வாயின் கல் விளிம்பில் கயிறு உரசிய தடம் இன்றும் தெரிகிறது.

கூடத்தைச் சுற்றிப் படுக்கையறைகள். கட்டில் போட்டால் இடம் முடிந்தது. எதிரே டாப்ளினம், உதவி கேட்டுக் காலையில் வருபவர்களை வீட்டுத் தலைவர் சந்திக்கும் அறை.

ரோமானியர் எல்லோருக்கும் இப்படி வீடு இருந்ததாக நினைக்க வேண்டாம்: ரோம் நகரில் பெரும்பாலோர் பல மாடி வாடகைக் குடியிருப்புகளில்தான் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.